ஆடு என்றீர்களே, தோழர்

ஞாயிற்றுக்கிழமை வாசகசாலைக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று வந்திருந்தவர்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்லப் போவதில்லை. ஆனால் நாஜிகள் கொன்ற யூதர்களைப் பற்றி, "ஜெபம் பண்ணிக்கிட்டே ஆடு மாதிரி வரிசையில போனவங்க" என்றதும் ஒரு சிரிப்பு எழுந்ததே, அது இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

ஐந்து நிமிடம் விட்டிருந்தால் கலோனிமஸ் கல்மன் ஷபீராவைப் பற்றிப் பேசியிருப்பேன். மைக்கை வாங்கிவிட்டீர்கள். இங்கே வாங்க முடியாது.

போலந்தில் வார்சாவுக்குப் பக்கத்தில் பியாசெச்னோ என்ற சின்ன ஊரின் ரபி, அதாவது யூத மதகுரு. பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் சொல்லவேண்டும் என்று 1932-இல் புத்தகம் போட்டவர். 1939 செப்டம்பரில் ஜெர்மன் குண்டுவீச்சில் மகனுக்குப் படுகாயம். ஆஸ்பத்திரிக்கு வெளியே நின்ற மருமகள் இன்னொரு குண்டில் செத்தாள். சில நாளில் மகனும். அதற்கப்புறமும் 1942 ஜூலை வரை, வார்சாவில் யூதர்களைச் சுவர் எழுப்பி அடைத்த கெட்டோவுக்குள் பிரசங்கம் செய்தார், எழுதியும் வைத்தார். இதுவா ஆடு மாதிரிப் போனது?

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஆபீஸ் போன எனக்கு லீவு லெட்டர் நாலு வரி வரவில்லை. பக்கத்து சீட் அக்காதான் எழுதிக் கொடுத்தார். கையெழுத்தைக்கூடத் தப்பான இடத்தில் போட்டேன்.

1941 டிசம்பரில், இப்படிப்பட்ட துன்பங்களை நம் ஜனம் முன்பும் பார்த்திருக்கிறது என்று பிரசங்கத்தில் சொன்னவர் ஷபீரா. மறு வருஷம், லட்சக்கணக்கானோரை திரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ரயிலேற்றிய பிறகு, அதே பக்கத்துக்குத் திரும்பி வந்து குறிப்பு எழுதினார்: நான் சொன்னது 1942-இன் நடுப்பகுதி வரைக்கும்தான் பொருந்தும், இதுபோல் முன்பு நடந்ததே இல்லை என்று. நம் கூட்டத்தில் யார் பழைய கட்டுரையைத் திருத்தியிருக்கிறீர்கள்? டெலீட் செய்வீர்கள், அது வேறு.

"காசாவுக்கு வாய் திறந்தாயா?" என்று கேட்பீர்கள். என் பக்கத்தைக் கீழே தள்ளிப் பாருங்கள். 1943-இல் செத்தவரிடம் அதற்குக் கணக்குக் கேட்காதீர்கள்.

"ஜெபத்தால் யார் பிழைத்தார்?" யாருமில்லை. அவரையும் 1943 நவம்பரில் கொன்றார்கள். கெட்டோவில் துப்பாக்கி எடுத்தவர்களிலும் பெரும்பாலோர் செத்தார்கள். அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. சரி, கோபத்தில் கொஞ்சம் சொல்லிவிட்டேன், விடுங்கள்.

அவர் காகிதங்கள், கெட்டோவில் நடந்ததையெல்லாம் எழுதிச் சேர்த்துவைத்த ரிங்கெல்ப்ளூம் குழுவின் ரகசிய ஆவணங்களோடு ஒரு பால் கேனில் புதைந்து கிடந்து, 1950 டிசம்பரில் இடிபாட்டிலிருந்து வந்தன. கூடவே அவர் எழுதிய ஒரு கடிதம். கண்டெடுப்பவர் இவற்றைப் பாலஸ்தீனத்தில் இருக்கும் என் தம்பிக்கு அனுப்பி வையுங்கள் என்று. கேன் கிடைத்தபோது தம்பியும் உயிரோடு இல்லை.

அடுத்த ஞாயிறு நான் வரவில்லை. வாசகசாலைச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. யாராவது வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.