எல்லாப் பழியும் உப்புக் காற்றுக்கா?

ராமநாதபுரம் கடற்கரையில் வண்டி வைத்திருப்பவனுக்கு எந்த ஒர்க்‌ஷாப்பிலும் ஒரே பதில்தான். "உப்புக் காத்துண்ணே, என்ன பண்றது?" சைலன்சர் ஓட்டையா, உப்புக் காற்று. பேட்டரி முனையில் பச்சை பூத்திருக்கிறதா, உப்புக் காற்று. சரி, அதெல்லாம் நியாயம். ஆனால் மீன்பிடித் தடைக்காலத்தில் புதிதாகப் போட்ட சஸ்பென்ஷன் புஷ், அதாவது சக்கரத்தைத் தாங்குகிற ஆர்மின் மூட்டில் இருக்கிற ரப்பர், ஐப்பசி மழைக்கு முன்னாலேயே கிழிந்து பிதுங்கினால் அதற்கும் உப்புக் காற்றா? ரப்பரைப் பிடித்து முறுக்கிக் கிழிக்க உப்புக்குக் கை முளைத்திருக்கிறதா?

மண்டபத்திலிருந்து நண்டும் கணவாயும் ஏற்றிக்கொண்டு மதுரைக்கு ஓடுகிற பிக்கப் என்னுடையது. முன்பக்கம் காயில் ஸ்பிரிங்கோடு ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாய்ச் சேர்ந்த தூண்), பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. இந்தப் பக்கத்து மீன் வண்டிக்காரன் அத்தனை பேரும் அப்போதுதான் வண்டியை வேலைக்கு விடுவான். ஒர்க்‌ஷாப் வாசலில் வண்டி நிறுத்த இடம் இருக்காது. அந்த நெரிசலில் நடக்கிற கூத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

வண்டியை ஜாக்கியில் தூக்குகிறார்கள். சக்கரத்தைக் கழற்றியதும், அதை வண்டியின் அடிச்சட்டமான சேஸோடு இணைக்கிற லோயர் ஆர்ம் கீழே தொங்குகிறது. பழைய புஷ்ஷைத் தட்டி எடுத்துப் புதுசை ஏற்றி, போல்ட்டைச் சொருகி, ஆர்ம் தொங்குகிறபடியே ஏர் கன்னை (காற்றழுத்தத்தில் நட்டு முடுக்குகிற மெஷினை) வைத்து ஒரு டர்ர்ர்ர். "செமயா இறுக்கிட்டேண்ணே, இனி அசையாது." அசையாதுதான். அதுதான் தம்பி பிரச்சினையே!

அந்தப் புஷ்ஷுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறையாவது வெட்டிப் பார்த்திருந்தால் இப்படிச் செய்ய மனசு வருமா? வெளியே ஒரு இரும்புக் குழாய், உள்ளே ஒரு இரும்புக் குழாய், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை முழுசாக இறுக்கிய பிறகு உள்குழாய் சேஸோடு பூட்டிக்கொள்ளும், சுழலவே சுழலாது. ஆர்ம் ஏறி இறங்குகிற அசைவு முழுவதையும் ரப்பர்தான் முறுகிமுறுகித் தாங்க வேண்டும். ஆர்ம் எந்த நிலையில் இருக்கும்போது இறுக்குகிறோமோ, ரப்பருக்கு அந்த நிலைதான் ஓய்வு. தொங்கும்போது இறுக்கிவிட்டு ஜாக்கியை இறக்கினால், வண்டி சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுகித்தான் நிற்கும். ஒருவன் கழுத்தைப் பக்கவாட்டில் திருப்பி மாவுக்கட்டு போட்டுவிட்டு, நேராகப் பார்த்து நட என்றால் எப்படி இருக்கும்? அதற்கு மேல் ஐஸ் பெட்டி, மீன், ஆள் என்று ஏற்றி ஒவ்வொரு பள்ளத்திலும் இறக்கினால் கிழியாமல் என்ன செய்யும்?

சக்கரம் தரையில் நின்று, வண்டியின் எடை சஸ்பென்ஷன் மேல் இறங்கிய பிறகுதான் இந்த போல்ட்டுகளைக் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். அதுவரை கைக்கு நிற்கிற அளவு பிடித்து வைத்தால் போதும். பின்பக்கப் பட்டையின் கண்ணில் இருக்கிற ரப்பர் புஷ்ஷுக்கும் இதே கதைதான். பாலியூரித்தேன் புஷ் என்றால் வேறு. அதில் பெரும்பாலும் உள்குழாய் சுழலும், அதற்கென்று தனி கிரீஸ் உண்டு. நான் சொல்வது கம்பெனியிலிருந்து வண்டியோடு வருகிற ரப்பரை.

இதைச் சொன்னால் என்ன பதில் தெரியுமா? "தரையில நிக்கிற வண்டிக்கு அடியில யாருண்ணே படுத்து இறுக்குறது?" படுக்க வேண்டாமே ராசா! தூக்குவதற்கு முன்னால், சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து சுவரில் எழுதிக்கொள். வேலை முடிந்ததும் சேஸுக்கு ஸ்டாண்டு முட்டுக் கொடுத்துவிட்டு, லோயர் ஆர்முக்குக் கீழே இன்னொரு ஜாக்கி வைத்து அந்த அளவு வரும் வரை தூக்கு. அப்புறம் இறுக்கு. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது. டீ குடிக்க மட்டும் நேரம் இருக்கிறது.

மேல் பக்கம் இதைவிடக் கொடுமை. ஸ்ட்ரட்டின் தலையை வண்டியோடு பிடிக்கிற மவுண்டின் நடு நட்டு இருக்கிறதே, அதிலும் ஏர் கன். நட்டோடு சேர்ந்து ஸ்ட்ரட்டுக்குள் ஏறி இறங்குகிற ராடும் கிறுகிறுவென்று சுற்றும், சீல் நாசமாகும். சுற்றாமல் இருக்க ஒரு பையன் பைப் ரெஞ்சால் ராடையே கவ்விப் பிடிக்கிறான். பளபளவென்ற அந்தக் குரோம் பூச்சில் ஒரு பல் தடம் விழுந்தால் போதும், ராடு உள்ளே போய் வரும்போதெல்லாம் சீலை அறுக்கும், ஆயில் கசியும். அதற்காகத்தான் ராடின் தலையில் ஆலன் கீ போட இடம் வைத்திருக்கிறான். ஆலன் கீயால் ராடைப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரால் நட்டைத் திருப்ப வேண்டும். கழற்றிய லாக் நட்டையே மறுபடி போடுவது இன்னொரு பழக்கம். ஒரு புது நட்டு என்ன விலை வந்துவிடப் போகிறது? ஒன்று மட்டும் எல்லோரும் காதில் போட்டுக்கொள்ளுங்கள்: ஸ்பிரிங்கை அமுக்கிக் கட்டாமல் அந்த நடு நட்டைக் கழற்றவே கூடாது. தெறித்தால் ஆளை அடிக்கும்.

சில ஷாக் அப்சார்பரில் மேலே இரண்டு ரப்பர் வளையம், அவற்றின் மேலும் கீழும் குழிவான வாஷர் வரும். அங்கே ரப்பர் வாஷர் விளிம்பு வரை உப்பினால் போதும், நிறுத்த வேண்டும். நம்மாள் நிறுத்துவானா? ரப்பர் அப்பளமாக வெளியே பிதுங்கும் வரை இறுக்குவான். அப்புறம் அதிர்ச்சியை யார் வாங்குவது? ராமேஸ்வரம் பக்கம் போனால், பாம்பன் பாலத்தில் ஒவ்வொரு இணைப்பைத் தாண்டும்போதும் டொக், டொக் என்று என் தண்டுவடம்தான் வாங்குகிறது.

உப்பு யோக்கியம் என்று நான் சொல்லவில்லை. அது செய்கிற வேலை வேறு. போல்ட்டை உள்குழாயோடு துருப்பிடித்து ஒட்ட வைக்கும். பிறகு கிரைண்டர் வைத்து அறுத்தால்தான் வரும். மீன் பெட்டியிலிருந்து வடிகிற ஐஸ் தண்ணீரே உப்பு, அது நேராகப் பட்டை மேலும் சேஸ் மேலும்தான் வடிகிறது. கழுவலாம் என்றால் எங்கள் பக்கம் பாதி இடத்தில் போர் தண்ணீரும் உப்பு! அதனால் குழாய்க்குள் போகிற போல்ட்டின் வழவழப்பான உடம்பில் லேசாகக் கிரீஸ் தடவு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ரப்பரில் படாமல் தடவு. மரையிலும் அப்பாதே, சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கிற டார்க் அளவு, அதாவது எவ்வளவு முறுக்க வேண்டும் என்ற கணக்கு, பெரும்பாலும் காய்ந்த மரைக்குத்தான், கிரீஸ் போட்டு அதே அளவு முறுக்கினால் போல்ட் கூடுதலாக இழுபடும்.

பழைய பாம்பன் ரயில் பாலத்தை 1914இல் திறந்தார்கள். 2022 டிசம்பர் வரை அதன் மேல் ரயில் ஓடியது, கடலுக்கு நடுவில், இதே காற்றில். அந்த இரும்பைத் தின்ன உப்புக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. என் புஷ்ஷை மட்டும் ஒரு சீசனுக்குள் தின்றுவிட்டதாம். யாரிடம் கதை விடுகிறீர்கள்?

வண்டிக்காரர்களையும் சொல்ல வேண்டும். "நல்லா இறுக்கு, இன்னும் ஒரு சுத்து போடு" என்று பின்னால் நின்று கத்துவது யார்? டார்க் ரெஞ்சு எடுத்து டிக் என்று சத்தம் வந்ததும் நிறுத்துகிறவனைப் பார்த்து, "என்னடா பயந்து பயந்து வேலை செய்யுற" என்று சிரிக்கிறார்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் புத்தகத்தில் நியூட்டன் மீட்டர் கணக்கில் அச்சடித்தே இருக்கிறது. அந்தப் புத்தகம் டேஷ்போர்டுக்குள் கவரைக்கூடப் பிரிக்காமல் கிடக்கிறது.

இப்போது மறுபடி புஷ் மாற்ற வேண்டும், அதோடு அலைன்மென்ட்டும் பார்க்க வேண்டும். சீசன் நேரம், வண்டி நின்றால் ஒரு லோடு போச்சு. புஷ்ஷுக்கு நான் காசு தருகிறேன் தம்பி. லேபர் ஒரு பைசா தரமாட்டேன். படகு போகாத நாளாகப் பார்த்து வண்டியைக் கொண்டுவருகிறேன். ஏர் கன்னை ஆணியில் மாட்டிவிட்டு, டேப்பையும் டார்க் ரெஞ்சையும் எடுத்துக்கொண்டு வா. ரெஞ்சு இல்லையென்றால் இப்போதே சொல், நான் வாங்கிக்கொண்டு வருகிறேன்.