ஐ7 என்றால் எந்த வருசத்து ஐ7?

ஏ.எல். எழுதி முடித்த மருமகன் ஒரு பட்டியலோடு வந்தான். கேம் விளையாடக் கொம்பியூட்டர் வேணுமாம். முதல் வரியிலேயே ரைசன் 7 9800எக்ஸ்3டி என்ற ஏஎம்டி புரொசசர், அதாவது கணினியின் மூளை. மற்றதெல்லாம் மிஞ்சுகிற காசுக்கு. அக்கா சீட்டுக் காசில் ஒதுக்கியிருந்ததோ இரண்டரை லட்சம்.

"உன்ட ஸ்கிரீன் என்னடா?" என்று கேட்டேன். 1080பி (ஃபுல் எச்டி), 75 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 75 தடவைக்கு மேல் அந்தத் திரை படத்தை மாற்றாது. அதற்கு எதற்கு இந்தப் புரொசசர்?

சிரிக்க எனக்கும் உரிமை இல்லை. 2019இல் மட்டக்களப்பு டவுனில், இன்டெல் புரொசசரின் "ஐ7" என்ற ஒரே சொல்லுக்காகப் பாவித்த கணினி ஒன்றை வாங்கியவன் நான். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஐ7 4770. 2013இல் வந்த நாலாம் தலைமுறை, நாலு கோர் (வேலை செய்கிற பகுதி), பழைய டிடிஆர்3 ரேம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, நான்தான் தலைமுறையைக் கேட்கவில்லை. ஐ7 என்பது வகுப்பில் முதலாம் பிள்ளை என்பது மாதிரி. எந்த வருசத்து வகுப்பு என்று கேட்க வேண்டும். 2022இல் வந்த, ஐ7ஐ விடக் கீழ்ப்படியான ஐ3 12100க்கும் அதே நாலு கோர், எட்டுத் திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை) தான். ஆனால் அந்த ஐ7ஐ எல்லாவற்றிலும் முந்திவிடும். என்னுடையதை விண்டோஸ் 11 ஏற்கவும் மாட்டாது.

புரொசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் உள்ள உறவை அவனுக்குக் கொத்துக் கடையை வைத்துத்தான் விளக்கினேன். ஓடர் எடுத்துச் சொல்கிறவர் புரொசசர்: எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பட்டது, அடுத்து எதை வரைய வேண்டும் என்பதெல்லாம் அவர் பாடு. கொத்துப் போடுகிறவர் கார்ட். ஓடர் மெதுவாக வந்தால் கொத்துக்காரர் வெறும் தகட்டில் தட்டிக்கொண்டு நிற்பார். கொத்துக்காரர் மெதுவென்றால், எவ்வளவு வேகமாக ஓடர் சொல்லியும் பிளேட் வராது.

யார் மெது என்று பார்க்க வழி இருக்கிறது. கேமில் ரெசொலூஷனையும் (படத்தின் புள்ளி எண்ணிக்கை) கிராபிக்ஸையும் அடிமட்டத்துக்கு இறக்குங்கள். பிரேம் எண்ணிக்கை, அதாவது விநாடிக்கு வரையப்படும் படங்கள், நன்றாக ஏறினால் கார்ட்தான் இழுத்துப் பிடித்திருந்தது. அசையாமல் நின்றால் பெரும்பாலும் புரொசசர். வலரண்ட், சிஎஸ்2 மாதிரி கேம்களைக் குறைந்த செட்டிங்கில் 240 ஹெர்ட்ஸ் திரையில் ஆடுகிறவர்களுக்குப் புரொசசர் முக்கியம்தான். 96 எம்பி எல்3 கேஷ் (புரொசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) உள்ள, மருமகன் கேட்டது மாதிரியான எக்ஸ்3டி வகைகள் அங்கேதான் காசுக்கு வேலை செய்யும். 4கேயில் (1080பியின் நாலு மடங்கு புள்ளிகள்) கதை கேம் ஆடுகிறவருக்கு அந்த வித்தியாசம் அநேகமாகக் கண்ணில் படாது.

கடைசியில் ஐ5 12400 எடுத்தோம். ஆறு கோர், பன்னிரண்டு திரெட். "ஐ5 எண்டா பொடியன்மார் சிரிப்பாங்க மாமா" என்றான். சிரிக்கட்டும். ஐ9 14900கே முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். கச்சான் காற்று வீசுகிற ஆடி மாதத்தில், தகரக் கூரைக்குக் கீழே, அந்தச் சூட்டை யார் தாங்குவது? 13ஆம், 14ஆம் தலைமுறைகளில் சில அதிக வோல்டேஜால் பழுதாகி, 2024இல் இன்டெல் உத்தரவாதத்தை இரண்டு வருசம் நீட்டியதும் நினைவில் இருந்தது. 12ஆம் தலைமுறைக்கு அந்த வியாதி இல்லை.

12400எஃப் வாங்கினால் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம் என்று கடையில் சொன்னார்கள். நான் மாட்டேன் என்றேன். எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. கார்ட் பழுதானால் உத்தரவாதத்துக்குக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும், திரும்பி வரக் கிழமைக்கணக்கில் ஆகும். அதுவரை திரையில் ஒன்றுமே வராது. கொழும்பில் இருப்பவர்கள் எஃப் வாங்கட்டும். மட்டக்களப்பில் இருந்துகொண்டு நான் வாங்க மாட்டேன். ஏஎம்டிக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம், ரைசன் 5 5600உம் கேமுக்கு நல்ல சாமான்தான். அதற்கும் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, அவ்வளவுதான் என் பிரச்சினை.

மிஞ்சிய காசில் கொஞ்சம் நல்ல கார்டும் ஒரு யூபிஎஸ்ஸும் வந்தன. இப்போது பிரேம் நூறைத் தாண்டுகிறதாம், அதனால் 144 ஹெர்ட்ஸ் திரை வேணுமாம். அத்தானிடம் கேட்கச் சொல்லிவிட்டேன்.