எட்மன்டனில் ஆடிப்பட்டம்

அத்தை: மாப்பிள்ளை, கொல்லையில் இடுப்புயரத்துக்கு வெள்ளையாகப் பூத்து நிற்கிறதே, என்ன செடி?

மாப்பிள்ளை: முள்ளங்கி அத்தை! ஜனவரியில் மைனஸ் 30 போகிற ஊரில் முள்ளங்கி பூத்திருக்கிறது. ஆபீஸில் எல்லாருக்கும் போட்டோ அனுப்பிவிட்டேன்.

அத்தை: பிள்ளை ஃபெயிலானதற்கு லட்டு கொடுத்தீர்களா! ஒன்றைப் பிடுங்குங்கள், பார்ப்போம்.

(பிடுங்கினார். சுண்டுவிரல் கனத்தில், இரண்டு காலாகப் பிரிந்த ஒரு வேர்.)

அத்தை: பேன்ட் தைத்துப் போடலாம் போலிருக்கிறது. எப்போது விதைத்தீர்கள்?

மாப்பிள்ளை: மார்ச்சில். வெளியே பனி. அதனால் வீட்டுக்குள் விளக்குப் போட்டு, தட்டில் நாற்று விட்டு, ஏப்ரல் கடைசியில் எடுத்து வெளியே நட்டேன். ராத்திரியில் போர்வைகூடப் போர்த்தினேன்.

அத்தை: முள்ளங்கிக்கு நாற்றா? அது என்ன நெல்லா? நேராக இறங்குகிற வேரைப் பிடுங்கி நட்டால் கால் பிரியாமல் என்ன செய்யும்? யார் சொன்னது?

மாப்பிள்ளை: ஆப். தக்காளிக்கு அப்படித்தான் போட்டிருந்தது.

அத்தை: ஆப்புதான். தெரிகிறது.

மாப்பிள்ளை: ஆப்பு இல்லை அத்தை, ஆப்.

அத்தை: அதைத்தான் நானும் சொல்கிறேன். ராத்திரி பத்து மணிக்கும் இங்கே வெளிச்சம் போகவில்லை. மனுஷனுக்கே தூக்கம் கெடுகிறது, செடிக்குக் கெடாதா? பகல் குறையட்டும். ஆடியில் போடுங்கள்.

மாப்பிள்ளை: ஆடிப்பட்டம் நம்மூர் மழைக்குச் சொன்னது அத்தை. இது கனடா.

அத்தை: அப்படியென்றால் ஆப்பையே கேளுங்கள்.

(கேட்டார். வெகுநேரம் படித்தார். நான் அத்தை கட்சி என்பதால் அந்த முகத்தை வர்ணிக்கவில்லை.)

மாப்பிள்ளை: குருத்தில் குளிர்பட்டு, அப்புறம் 17 மணி நேரப் பகலையும் பார்த்தால் கிழங்கு வைக்காமல் பூத்துவிடுமாம். நீள முள்ளங்கியை ஜூலை கடைசியில் போட்டு, செப்டம்பரில் எடுக்க வேண்டுமாம்.

அத்தை: ஜூலை கடைசிக்குத் தமிழில் என்ன மாதம்?

மாப்பிள்ளை: ...

அத்தை: சரி, போகட்டும். இந்தப் பூவெல்லாம் பிஞ்சு விடும், பொரியல் செய்து தருகிறேன். மொத்தம் என்ன செலவு?

மாப்பிள்ளை: விளக்கு, தட்டு, மண் மூட்டை எல்லாம் சேர்த்து 140 டாலர்.

அத்தை: போன வருஷம் உங்கள் அப்பா போன் பண்ணி, கிணற்றோடு இருக்கிற இரண்டு ஏக்கரை என்ன செய்யலாம் என்று கேட்டாரே. என்ன சொன்னீர்கள்?

மாப்பிள்ளை: ...விற்றுவிடச் சொன்னேன்.

அத்தை: அதுவும் ஆப்பு சொன்னதா?