குடியை எங்கே எழுதுவது?

குடும்ப வரலாற்றைக் கணினியின் துணையோடு தேடித் தொகுப்பவர்களுக்காக அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில் 2011இல் தொடங்கப்பட்ட ரூட்ஸ்டெக் மாநாட்டைப் பற்றி எங்கள் பக்கத்தில் பேசுவோர் குறைவு. அதன் காட்சி மண்டபத்தைப் பார்க்கும் வாய்ப்பு இம்முறை எனக்குக் கிடைத்தது. கனடாவில் வாழும் என் அக்காவின் மகள் நேரில் போயிருந்தாள். அங்கே பகல், கிழக்கிலங்கையின் களுவாஞ்சிகுடியில் எங்களுக்கு நள்ளிரவு. கைபேசியைப் பிடித்தபடி ஒவ்வொரு காட்சிக்கூடமாக நின்று காட்டினாள். அதைப் பார்த்த பிறகு, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டத்து மக்கள் இந்தத் தொழில்நுட்பத்திற்குள் நுழைவதற்கு முன் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்: தாய்வழியாக வரும் நமது குலப்பிரிவான குடியை இதில் எங்கே எழுதுவது?

மண்டபம் பெரியது. ஃபேமிலிசேர்ச், ஆன்செஸ்ட்ரி, மைஹெரிட்டேஜ் போன்ற பெரிய நிறுவனங்கள் விசாலமான இடங்களைப் பிடித்திருந்தன. அவற்றுக்கிடையே சுவரளவு வம்ச விளக்கப்படம் அச்சிட்டுத் தருவோரும், பழைய படச்சுருள்களை இலக்கமயமாக்குவோரும், மரபணுச் சோதனைப் பெட்டி விற்போரும் மேசை போட்டிருந்தார்கள். கையெழுத்துப் பதிவேடுகளை இயந்திரமே வாசித்து, சொல் சொல்லாகத் தேடித் தரும் வசதியை ஃபேமிலிசேர்ச் 2024இல் இதே மாநாட்டில் அறிமுகப்படுத்தியது. அது முதலில் ஆங்கில, ஸ்பானிய ஆவணங்களில்தான் ஓடியது. இறந்தவரின் நிழற்படத்தில் கண்ணையும் தலையையும் அசைய வைக்கும் வசதியை மைஹெரிட்டேஜ் 2021இல் வெளியிட்டது. அதில் எனக்கு உடன்பாடில்லை. மங்கிய படத்தைத் தெளிவாக்கித் தருவது பேருதவி. அந்த மனிதர் ஒருபோதும் செய்யாத அசைவை அவர் முகத்தில் ஏற்றுவது, அவரைப் பார்த்தே இராத பேரப்பிள்ளைக்குப் பொய்யான நினைவொன்றைக் கொடுப்பதாகும்.

மென்பொருள் விற்பவரின் மேசையில்தான் நாங்கள் நீண்ட நேரம் நின்றோம். குடும்பத் தகவலை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச் செல்ல ஜெட்கொம் என்ற பொது வடிவம் பயன்படுகிறது. 1984இல் மோர்மன் திருச்சபையினர் உருவாக்கிய அந்த வடிவம் 2021இல் ஏழாம் பதிப்பை எட்டியது. தமிழ் எழுத்துகள் சிதையாமல் செல்வதற்கு இந்தப் பதிப்பு வழிசெய்திருப்பது நமக்கு உண்மையான நன்மை. ஆனால் அதில் ஒருவருடைய பெயரை எழுதும்போது குடும்பப் பெயர் இரண்டு சரிகோடுகளுக்கு நடுவே இடப்படுகிறது. நம்மிடம் குடும்பப் பெயர் இல்லை. தகப்பனின் பெயரே முன்னெழுத்தாகிறது. கட்டாயத்துக்காக அந்த இடத்தில் தகப்பன் பெயரை எழுதினால், ஐந்து தலைமுறைக்கு ஐந்து குடும்பப் பெயர்கள் வந்துவிடும். சாதியை எழுதுவதற்குக்கூட அந்த வடிவத்தில் தனிக் குறி இருக்கிறது. தாய்வழியாக வரும் குடிக்கு இல்லை.

கிழக்கிற்கு வெளியே உள்ள நண்பர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். மட்டக்களப்புத் தேசத்தில் குடி தாயிடமிருந்து வருவது. எனக்கும் என் அக்காவுக்கும் எங்கள் அம்மாவின் குடி. அக்காவின் மகளுக்கும் அதுவே. என் பிள்ளைகளோ என் குடியைச் சேர்ந்தவர்களல்லர். அவர்கள் என் மனைவியின் குடி. ஒரே குடிக்குள் திருமணம் செய்வதில்லை என்பதால், சம்பந்தம் பேச வந்தவர்களிடம் பெரியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். உலகிப்போடி குடி, காலிங்கா குடி, பணிக்கனா குடி எனப் பெயர்கள் நீளும். குடிக்குள் வயிற்றுவார் என்ற உட்பிரிவும் உண்டு. அக்கரைப்பற்று போன்ற ஊர்களில் நம் முஸ்லிம் சகோதரர்களிடமும் தாய்வழிக் குடி உண்டு; பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயர்கள் குடிவாரியாக வந்த வழக்கமும் இருந்தது. தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து பேணிய ஒரு கணக்கு இது. அரச பதிவில் இதற்கு இடமில்லை. பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள்: பாட்டனாரின் பெயரைக் கேட்கும் கட்டம் இருக்கிறது, அம்மம்மாவின் பெயரைக் கேட்கும் கட்டம் இல்லை. குடியைச் சுமந்து வந்தவள் அந்த அம்மம்மாதான்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. அதே ஜெட்கொம் வடிவத்தில் பொதுவான 'தகவல்' என்றொரு குறி உண்டு. அதன் வகையை நாமே எழுதிக்கொள்ளலாம். வகை என்ற இடத்தில் 'குடி' என்றும் மதிப்பில் குடியின் பெயரையும் எழுதினால், அந்த வடிவத்தை ஒழுங்காகப் பின்பற்றும் எந்த மென்பொருளுக்கும் அது கூடவே போகும். குடிப்பெயரைக் குடும்பப் பெயரின் இடத்தில் மட்டும் எழுதாதீர்கள். அந்த மென்பொருள்களில் பல, புதிதாகச் சேர்க்கும் பிள்ளைக்குத் தகப்பனின் குடும்பப் பெயரைத் தாமாகவே நிரப்பிவிடும். அப்படி நிரம்பினால் பிள்ளை தாயின் குடியை இழந்து தகப்பனின் குடிக்குள் போய்விடும்.

மரபணுச் சோதனை மேசையில் மருமகள் கேட்டது நல்ல கேள்வி. தாயிடமிருந்து மகனுக்கும் மகளுக்கும் சென்று, மகள் வழியாக மட்டுமே அடுத்த தலைமுறைக்குக் கடக்கும் இழைமணி மரபணுவைத் தனியாகச் சோதித்துத் தருகிறார்களே, அது நம் குடி செல்லும் அதே பாதைதானே என்று கேட்டாள். பாதை ஒன்றுதான். நம் முன்னோர் எந்த ஆய்வுகூடமும் இல்லாமல் அந்தப் பாதையை நினைவிலேயே வைத்திருந்தார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனாலும் ஒரு குடியில் உள்ள எல்லோரும் ஒரே தாயின் வழி வந்தவர்கள் என்று அந்தச் சோதனை நிறுவ வேண்டும் என்று எதிர்பார்ப்பது தவறு. குடி என்பது உறவும் உரிமையும் சேர்ந்த சமூக ஏற்பாடு. பல தாய்மாரின் வழிகள் ஒரு பெயரின் கீழ் சேர்ந்திருக்கக்கூடும். அத்துடன் ட்வென்டித்ரீ அண்ட் மீ என்ற மரபணுச் சோதனை நிறுவனத்தில் 2023இல் ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் தகவல் திருடப்பட்டதையும், அந்நிறுவனம் 2025 மார்ச்சில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியதையும் மறக்கக்கூடாது. ஒருவர் கொடுக்கும் உமிழ்நீரில் அவருடைய உடன்பிறந்தாரின் தகவலும் அடங்கியிருக்கிறது. அவர்களைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

அந்த மண்டபத்தில் என் மனத்தைக் கவர்ந்தது ஆரவாரம் குறைந்த ஒரு மூலை. வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய படங்களையும் கடிதங்களையும் அங்கேயே ஸ்கேன் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நமக்கு உடனடியாக வேண்டியது இதுதான். 1978 நவம்பர் 23இல் அடித்த சூறாவளியும், போர்க்கால இடப்பெயர்வுகளும், 2004 டிசம்பர் 26இன் சுனாமியும் எத்தனை வீடுகளின் காணி உறுதிகளையும் படங்களையும் கொண்டுபோயின என்று கல்லடியிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் எந்த வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள். தப்பியவற்றில் மிகப் பெறுமதியானவை ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளில் பகிரப்படும் நினைவு மலர்கள். எங்கள் வீட்டு அலுமாரியில் உள்ள ஒன்றில், அட்டையில் நீள்வட்டத்துக்குள் படம், கீழே தோற்றமும் மறைவும், உள்ளே தேவாரம், அதன்பின் இரண்டு பக்கத்துக்கு வம்சாவளி. அச்சிட்டவர் பெண்மக்களின் பெயர்களையெல்லாம் விடாமல் போட்டிருக்கிறார். அவர்களின் பிள்ளைகளுடைய பெயர்களும் அதில் இருக்கின்றன. இத்தகைய வெளியீடுகளை 2005 முதல் நூலகம் திட்டம் இலக்கமயமாக்கி இணையத்தில் வைத்து வருகிறது. யாழ்ப்பாணத்து மலர்கள் சேரும் அளவுக்கு நம்முடையவையும் சேர வேண்டும். கையில் வைத்திருப்பவர்கள் கொடுத்தால்தான் அது நடக்கும்.

குடிகளைப் பதியும்போது கோயில் மரியாதையில் எது முன்னால், எது பின்னால் என்ற பழைய வரிசையையும் சேர்த்துப் பதிய வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு கோயிலின் வழக்கம் இன்னது என்று அந்தக் கோயிலின் வரலாற்றில் எழுதட்டும். ஒரு பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் அந்த உயர்வு தாழ்வை ஒட்டுவதை நான் ஏற்க மாட்டேன்.

இந்த விடுமுறையில் ஊருக்கு வரும் பிள்ளைகளிடம் கேட்பது இதுதான். கைபேசியின் ஒலிப்பதிவை இயக்கிவிட்டு அம்மம்மாவின் பக்கத்தில் உட்காருங்கள். அவருடைய அம்மாவின் பெயரையும் அந்த அம்மாவின் அம்மாவின் பெயரையும் கேளுங்கள். குடியையும் வயிற்றுவாரையும் கேளுங்கள். யார் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குக் கலியாணம் முடித்துப் போனார் என்று கேளுங்கள். பேசியவரின் பெயரையும் திகதியையும் ஒலிப்பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பதிவைக் குறைந்தது இரண்டு இடங்களில் சேமியுங்கள். அதில் ஒன்று வெளிநாட்டில் உள்ள உறவினரின் கணினியாக இருக்கட்டும்.