துறை உடைந்தது, அதனால் போனார்கள்

இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்தேன். முடியவில்லை. அந்தக் கப்பல் காணொளியைப் பற்றித்தான். சுட்டி கொடுக்க மாட்டேன். நம் குழுவிலேயே நாலு பேர் பகிர்ந்து சிரித்து முடித்தாயிற்று, போதும்.

காணொளி எடுத்த தம்பி நியூசிலாந்தில், கிரைஸ்ட்சர்ச் நகரத்தின் துறைமுகமான லிட்டெல்டனில் உல்லாசக் கப்பலை விட்டு இறங்குகிறார். "முன்னாடியெல்லாம் அக்கரோவான்னு ஒரு சூப்பர் ஊருக்குக் கூட்டிட்டுப் போவாங்களாம். இப்ப டீசல் மிச்சம் பிடிக்க இந்த கன்டெய்னர் யார்டுல இறக்கி விட்டுட்டானுங்க" என்கிறார். (அக்கரோவா, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சின்னக் கடலோர ஊர்.) அதோடு விட்டாரா? "அந்த ஊர்க்காரங்க பத்து வருஷம் கப்பல் காசுல உக்காந்து சாப்பிட்டாங்க, இப்ப அழுறாங்க" என்று ஒரு கொசுறு வேறு. கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

தம்பி, துறை உடைந்தது. அதனால் அக்கரோவா போனார்கள். திரும்பத் துறை கட்டினார்கள். அதனால் லிட்டெல்டன் வந்தார்கள். இவ்வளவுதான் விஷயம். இதில் டீசல் எங்கே வந்தது?

2011 பிப்ரவரி 22, மதியம் 12.51. கிரைஸ்ட்சர்ச்சில் இருப்பவர்களுக்கு அந்த நேரத்தைச் சொல்ல வேண்டியதில்லை. நிலநடுக்கத்தில் 185 பேர் உயிர் போனது. அதன் மையம் லிட்டெல்டனுக்குப் பக்கத்திலேயே இருந்தது. துறைமேடைகளுக்குப் பின்னால் இருந்த, மண் கொட்டி நிரப்பிய நிலம் கடலைப் பார்த்து நகர்ந்தது. தளம் பிளந்தது, தூண்கள் அடி வாங்கின. அதுவரை உல்லாசக் கப்பல்கள் பெரும்பாலும் லிட்டெல்டனுக்குத்தான் வந்துகொண்டிருந்தன. அக்கரோவாவுக்கு எப்போதாவது ஒன்று.

"கப்பல் கடலில்தானே நிற்கிறது, துறை கொஞ்சம் விரிசல் விட்டால் என்ன?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஐயா, அது வீட்டுத் திண்ணை இல்லை. முந்நூறு மீட்டர் நீளமும் பத்துப் பன்னிரண்டு மாடி உயரமும் உள்ள கப்பலின் பக்கவாட்டில் காற்று அடித்தால், மொத்தக் கப்பலும் விரித்த பாய் மாதிரிதான். அந்த இழுப்பு முழுவதையும் கயிறுகள் வழியாகக் கரையில் இருக்கும் இரும்புக் கட்டைகள் தாங்க வேண்டும். கட்டையைத் தளம் தாங்க வேண்டும், தளத்தைத் தூண் தாங்க வேண்டும். அடியில் தூண் சரியில்லை என்றால் மேலே எவ்வளவு சிமென்ட் பூசினாலும் எந்த கேப்டனும் கயிறு போட மாட்டார்.

சில துறைகளில் மேடைக்கு அப்பால் தண்ணீருக்குள் தனியாக நிற்கும் தூண் கட்டுமானம் இருக்கும். கப்பலைக் கயிற்றால் கட்டி நிறுத்துவதற்கும், பக்கவாட்டில் அணைத்து நிறுத்துவதற்கும். அதற்குப் பெயர் டால்பின். (அக்கரோவாவில் நிஜ டால்பினும் உண்டு, ஹெக்டர் டால்பின், குட்டியாக அழகாக இருக்கும். அது வேறு.) 2019 பிப்ரவரியில் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் நார்வீஜியன் எபிக் கப்பல் காற்றில் தள்ளப்பட்டுப் போய் அந்த டால்பின்கள் மேல் மோதிச் சாய்த்துவிட்டது. படம் இணையத்தில் இருக்கிறது, பாருங்கள். மெதுவாக வந்து நிற்கிற கப்பலுக்கே அவ்வளவு பலம்.

லிட்டெல்டனில் மிஞ்சியிருந்த இடம் யாருக்குப் போக வேண்டும்? தென் தீவின் பெரிய துறைமுகம் அது. நிலக்கரி, எண்ணெய், கன்டெய்னர் எல்லாம் அங்கேதான். ஊர் இடிந்து கிடக்கும்போது சரக்குதான் முதலில் வர வேண்டும், கையில் ஐஸ்கிரீமோடு சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் இல்லை. பந்தியில் உல்லாசக் கப்பலுக்குக் கடைசி இலை. அப்படியே இறங்கியிருந்தாலும் எதைப் பார்த்திருப்பார்கள்? நகரத்தின் நடுப்பகுதிக்கு 2013 வரை வேலி போட்டு வைத்திருந்தார்கள்.

அதனால் அக்கரோவா. மறுபடியும் சொல்கிறேன், அதனால்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். வீட்டுக்காரர் லிங்கன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, அக்கரோவாவில் ஒரு சின்னக் காபிக் கடையின் சமையலறையில் நான் மூன்று பருவம் வேலை பார்த்திருக்கிறேன். "உக்காந்து சாப்பிட்ட" அந்த ஊரில் உட்கார நேரமே இருக்காது. சில நூறு பேர் வசிக்கும் ஊர். 1840-இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து குடியேறியதால் பல தெருக்களுக்கு ரூ என்று பெயர், பிரெஞ்சில் தெரு. அப்போதெல்லாம் அக்டோபரிலிருந்து ஏப்ரலுக்குள் எழுபது எண்பது கப்பல். ஒவ்வொன்றிலும் இரண்டாயிரம் பேர், மூவாயிரம் பேர். பெரிய கப்பலை ஒட்டி நிறுத்தத் துறை கிடையாது. குடாவின் நடுவில் நங்கூரம் போட்டு, சின்ன டெண்டர் படகில் ஆட்களைக் கொண்டுவந்து, 1887-இல் கட்டிய மரத்துறையில் இறக்குவார்கள். கொஞ்சம் அலை கூடினாலும் படகு நிறுத்தம். மாவு கரைத்து வைத்துவிட்டு, கண்ணுக்கு எதிரே நிற்கும் கப்பலைப் பார்த்துக்கொண்டே சும்மா நின்ற நாளும் உண்டு.

ஒரு நாள் பால் வாங்கத் துறைப் பக்கம் போனேன். டெண்டரிலிருந்து ஒரு பாட்டி இறங்கப் பார்க்கிறார். சேலை, கால்களில் ஷூ, கையில் தடி. சிட்னியில் மகன் வீட்டுக்கு வந்தவராம். படகு ஏறி இறங்குகிறது, பாட்டிக்குக் கால் வரவில்லை. பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள். வெள்ளைச் சட்டை போட்ட கப்பல் பையன் ஒருவன் முழங்கையைப் பிடித்து, "பாட்டி, அவசரமே இல்ல. படகு மேல வரும்போது நான் சொல்றேன், அப்ப வைங்க" என்றான். சுத்தத் தூத்துக்குடிப் பேச்சு. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஊரை விட்டு வந்த புதிது.

மதியம் அவனே கடைக்கு வந்தான். ஒரு காபி வாங்கிக்கொண்டு வைஃபை கடவுச்சொல் கேட்டான். கப்பலில் இணையத்துக்கு அவன் சம்பளத்தில் கொடுக்க முடியாது. ஒரு காபிக்கு இரண்டு மணி நேரமா என்று முதலாளியம்மாவுக்கு மூஞ்சி தூக்கம். நான் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன். அப்புறம் ஒவ்வொரு கப்பலுக்கும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, கோவா என்று பையன்கள் வந்து மூலையில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்துப் பேசுவார்கள். அந்தப் பையனின் பெண் குழந்தைக்கு அப்போது ஏழு மாதம். அக்கா பாருங்க, என்று போனைத் திருப்பிக் காட்டினான்.

சரி, குழுவில் கேட்ட மற்றக் கேள்விகளுக்கு வருகிறேன்.

"அக்கரோவாக்காரர்களே கப்பல் வேண்டாம் என்றார்களே?" சிலர் சொன்னார்கள். கூட்டம், பேருந்து நெரிசல், புகை. பாதி ஊர் கப்பலால் பிழைத்தது, பாதி ஊர் சலித்துக்கொண்டது. எந்த ஊரில்தான் இல்லை?

"நங்கூரமும் பெரிய கப்பல்களும் அந்தக் குடாவின் அடிமண்ணைக் கலக்குகிறதே?" கலக்கும். நான் மறுக்கவில்லை. அதற்கு என்னிடம் பதிலும் இல்லை. அடுத்தது.

"கம்பெனி கணக்குப் பார்க்காமல் ஒரு ஊரை மாற்றுமா?" பார்க்கும், கம்பெனி என்ன தர்மசத்திரமா நடத்துகிறது? ஆனால் கப்பலைக் கட்டி நிறுத்த இடம் இல்லாதபோது கணக்கு எங்கிருந்து வரும்? வனுவாட்டு நாட்டின் போர்ட் விலாவில் 2024 டிசம்பர் 17-இல் 7.3 அளவு நடுக்கம் வந்தபோதும் கப்பல்கள் அந்த ஊரை விட்டுவிட்டுத்தான் போயின. டீசலுக்காகவா?

"ஒரு துறையைக் கட்ட ஒன்பது வருஷமா? நம்ம ஊராக இருந்தால்..." இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இடிந்த நகரத்தின் கல்லையும் செங்கல்லையும் கொண்டுபோய்க் கடலில் கொட்டி, துறைமுகத்துக்கு நிலம் உண்டாக்கினார்கள். அதில் யார் வீட்டுச் சமையலறைச் சுவர் இருக்கிறதோ. சரக்குத் துறைகளை முதலில் தேற்றினார்கள். கடைசியில் உல்லாசக் கப்பலுக்கென்றே 6.7 கோடி டாலரில் புதுத் துறை. 2020 நவம்பரில் தயார். அந்த வருஷம் மார்ச்சிலேயே கொரோனாவால் நியூசிலாந்து கப்பல்களுக்குக் கதவை அடைத்துவிட்டது. மண்டபம் ரெடி, பந்தல் ரெடி, மாப்பிள்ளை வரவில்லை. ஒரு பருவம் முழுவதும், அடுத்த பருவமும், அந்தத் துறையில் கடற்காகம்தான் உட்கார்ந்திருந்தது.

2022 கடைசியில் கப்பல்கள் திரும்பின. நேராக லிட்டெல்டனுக்கு. அதில் தப்பே இல்லை, நகரத்துக்குச் சுரங்கச் சாலை வழியாகக் கால் மணி நேரம்தான். அக்கரோவாவிலிருந்து என்றால் மலையைச் சுற்றிச் சுற்றி ஒன்றரை மணி நேரம். துறை சரியானது நல்ல விஷயம், அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அதற்கும் வருவீர்கள். கன்டெய்னர் யார்டு மாதிரி இருக்கிறதாம். வேறு எப்படி இருக்கும் தம்பி, அது வேலை செய்கிற துறைமுகம். அதனால்தான் நடந்து போக விடாமல் பேருந்தில் ஏற்றி வெளியே விடுகிறார்கள்.

ஆனால் அந்தப் பக்கம் அக்கரோவாவில் இருந்தவர்கள்? கொரோனாவில் இரண்டு வருஷம் கடனில் தாக்குப்பிடித்தவர்கள், கப்பல் வந்துவிடும் வந்துவிடும் என்று இருந்தவர்கள். வந்தது, மலைக்கு அந்தப் பக்கம். எங்கள் முதலாளியம்மா கடையை விற்றுவிட்டார். மூஞ்சி தூக்கினாலும் ஒருநாள்கூட அந்தத் தாளைக் கிழிக்காதவர். அவர் அழவில்லை. அழுதாலும்தான் என்ன? "உக்காந்து சாப்பிட்டாங்க"ளாம். காலை ஐந்தரைக்கு அடுப்பு பற்ற வைத்தவருக்கு இந்தப் பெயர்.

அந்தக் காணொளியில் நாலாவது நிமிடம், இறங்கும் படியில் வெள்ளைச் சட்டையோடு ஒரு பையன் நின்றுகொண்டு எல்லோருக்கும் வணக்கம் சொல்கிறான். தம்பியின் கேமரா அவன் முகத்தைத் தாண்டி வேகமாகப் போய்விடுகிறது. நிறுத்தி நிறுத்தி மூன்று தடவை பார்த்தேன். அவன் இல்லை, வேறு யாரோ.