யாரும் பார்க்காத இடத்தில் எழுதிப் பழகட்டும்

பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க செல்போனைப் பயன்படுத்தலாமா என்று பேச்சு வந்தாலே, நம் ஆட்கள் முதலில் கேட்பது "எந்த ஆப்புங்க நல்லாருக்கும்?" என்பதுதான். என்னைக் கேட்டால் அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. ஐம்பது வயசு அம்மா ஒருத்தர் ஏன் வகுப்புப் பக்கமே வரமாட்டேன் என்கிறார்? அதை முதலில் கேட்கணும்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். ஊர் அவிநாசிப் பக்கம். முடிகிற நாட்களில் சாயங்காலம் வயதுவந்தோர் வகுப்புக்கு உதவிக்குப் போவேன். வராததற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். மாட்டுக்குத் தண்ணி காட்டணும், கண்ணு சரியாத் தெரியறதில்ல, கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் ஓடுது. எல்லாமே நிஜம்தான், ஆனால் அதற்கெல்லாம் அடியில் கிடப்பது கூச்சம். "ஏங் கண்ணு, பேரம்பேத்தி பாக்கற எடத்துல நானு ஆனா ஆவன்னா எழுதறதா? அக்கட்டால போ கண்ணு" என்று சிரித்துக்கொண்டே விரட்டிய அம்மாவுக்கு, வாரக் கூலியை மனசுக்குள்ளேயே கூட்டிக் கழிக்கத் தெரியும். பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து 'கு'வா 'கூ'வா என்று தடுமாறுவதை எதிர்வீட்டு மருமகள் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

செல்போனால் உண்மையிலேயே ஆகக்கூடிய காரியம் இங்கேதான் இருக்கிறது. அதன் முன்னால் தப்புப் பண்ணினால் பார்க்க ஆளில்லை. ஒரே எழுத்தை எத்தனை தடவை கேட்டாலும் அது சலித்துக்கொள்வதில்லை. எவ்வளவு நல்ல டீச்சராக இருந்தாலும் நாலாவது தடவை சொல்லும்போது குரலில் லேசாக ஒரு மாற்றம் வந்துவிடும். வயசானவர்கள் அதை உடனே பிடித்துக்கொள்வார்கள், மறுநாள் வரமாட்டார்கள்.

இதற்குப் புதுசாக எதையும் வாங்கவும் வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு போனில் இருக்கும் ஜிபோர்டு கீபோர்டில் தமிழைச் சேர்த்து, கையெழுத்து முறையைத் தேர்ந்தெடுத்தால், விரலாலேயே திரையில் எழுதலாம். எழுதியதை அது அச்செழுத்தாக்கிக் காட்டும். இது ஏன் முக்கியம் என்றால், தமிழ்99 போன்ற விசைப்பலகையில் 'கொ' வேண்டுமானால் முதலில் 'க', அப்புறம் 'ஒ' அடிக்க வேண்டும். நோட்டிலோ கொம்பை முதலில் போட்டு, நடுவில் 'க' எழுதி, கடைசியில் காலை இழுக்கிறோம். இப்போதுதான் எழுத்துப் பழகும் ஒருவருக்கு இந்த இரண்டு வரிசையும் சேர்ந்து பெரும் குழப்பம். விரலால் எழுதினால் நோட்டில் எழுதுகிற வரிசையிலேயே கை போகும்.

சிக்கல் இல்லாமல் இல்லை. உத்தேசமாகக் கிறுக்கினாலும் 'நீங்க இதைத்தானே சொல்ல வந்தீங்க' என்று சரியான எழுத்தை அதுவே கொடுத்துவிடும், அதனால் நோட்டும் பென்சிலும் கூடவே இருந்தாக வேண்டும். இன்னொன்று, மஞ்சள் காட்டிலும் தறியிலும் உழைத்துத் தேய்ந்த விரல்கள். ரேஷன் கடையில் ரேகை விழாமல் திண்டாடுகிற அதே விரல்கள்தான், திரையிலும் ஒரே தடவையில் எழுத்து விழாது. கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாக எழுதச் சொல்லலாம். செட்டிங்ஸில் எழுத்தைப் பெரிதாக்கி வைப்பது இன்னும் அவசியம். பாதிப் பேருக்கு "கண்ணு தெரியறதில்ல" என்ற சாக்கு அத்தோடு போய்விடும். மீதிப் பேருக்கு வேண்டியது கண்ணாடிதான்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. 15 வயதுக்கு மேற்பட்ட எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக 2022 முதல் 2027 வரை புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் நடக்கிறது, ஒதுக்கீடு 1,037.90 கோடி ரூபாய். அதற்காக உல்லாஸ் என்ற செயலியும் 2023இல் வந்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்கும் தலா 50 மதிப்பெண் என்று 150க்குத் தேர்வு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எங்கள் வகுப்பில் அந்தச் செயலி பெரும்பாலும் தன்னார்வலர் கையில்தான் இருக்கிறது. யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று பதிவு செய்யத்தான் அதைத் திறக்கிறோம். படிக்க வந்த அம்மாவின் போனில் அது இல்லை, இருந்தாலும் எதை எங்கே அழுத்துவது என்று தெரிந்துகொள்ளவே படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 சதவீதம். ஆண்கள் 86.77, பெண்கள் 73.44. இந்த இடைவெளியில் இருக்கிற பெண்களை எங்கேயும் போய்த் தேட வேண்டாம். கம்பெனியில் பிசிறு வெட்டுகிறார்கள், கைமடிக்கிறார்கள், தோட்டத்தில் களை எடுக்கிறார்கள். 1990களில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கத்தில் படித்தவர்களும் இவர்களில் உண்டு. கையெழுத்துப் போடுவார்கள், ஆனால் படிக்கச் சொன்னால் மறந்துபோச்சு என்பார்கள். கற்ற பிறகு வாசிக்க எதுவும் கையில் கிடைக்காவிட்டால் எழுத்து மறக்காமல் என்ன செய்யும்?

அறிவொளி என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அந்தக் காலத்தில் அந்த இயக்கம் கையில் எடுத்த ஆகச் சிறந்த தொழில்நுட்பம் சைக்கிள்தான். புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் பழக்கினார்கள். யாரையும் எதிர்பார்க்காமல் தானே போய்த் தானே திரும்பலாம் என்று ஆனது. போனும் அந்த மாதிரி அவரவர் கைக்கு வரணும். இப்போது பல வீடுகளில் அம்மாவின் பேரில் வாங்கிய போன் பேரனின் கேமுக்குத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

போனே வாசிப்பை விரட்டவும் செய்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்து பல வருஷம் ஆச்சு, மைக்கை அழுத்தித் தமிழில் கேட்டால் தேடித் தருகிறது. எழுத்தே தெரியாமல் நாள் முழுக்க போனை ஓட்டலாம். மகளிர் குழுக் கடன் பேப்பரில் கையெழுத்துக் கேட்கும்போதும், ஓடிபி என்ற பெயரில் ஏதோ ஒரு நம்பர் வரும்போதும்தான் சங்கடம் தெரியும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழி கிடையாது.

அதனால் பாடமே அங்கிருந்து ஆரம்பிக்கட்டும் என்கிறேன். காலமெல்லாம் ஆடு மேய்த்தவரிடம் போய் 'ஆ'வன்னாவுக்கு ஆட்டுப் படம் காட்டுவது எனக்கு ஒப்பவில்லை. பால் சொசைட்டிச் சீட்டில் லிட்டர் எவ்வளவு, ஃபேட் எவ்வளவு என்று பார்ப்பது, டவுன் பஸ் போர்டு, ஈபி பில், இவைதான் பாடம். பிஎஃப் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று எஸ்எம்எஸ் அனுப்பிக் கேட்கும்போது, கடைசியில் தமிழுக்கான மூன்றெழுத்தைச் சேர்த்தால் பதில் தமிழிலேயே வரும் வசதி உண்டு. கம்பெனிகள் இதைத் தங்கள் ஆட்களிடம் சொன்னாலே போதும். தன் சொந்தப் பணத்தைப் பற்றி வந்த வரியை வாசிக்க யாருக்கும் சலிப்பு வராது.

எனக்கு ரொம்பப் பிடித்த யோசனை சினிமாப் பாட்டு. பிரிஜ் கோத்தாரி என்பவர் 1999இல் குஜராத் தூர்தர்ஷன் பாட்டு நிகழ்ச்சியில், பாடுகிற அதே மொழியில் வரிகளைத் திரைக்கு அடியில் ஓடவிட்டார். பாட்டு ஏற்கெனவே மனப்பாடம், காது முன்னால் போகக் கண் பின்னால் போகிறது. தான் படித்துக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பே பார்ப்பவருக்கு வராது. தறி ஓட்டிக்கொண்டும் மிஷினில் உட்கார்ந்துகொண்டும் நாள் பூராவும் பாட்டுக் கேட்கிற ஊர் இது. ஆனால் யூடியூப்பில் வரும் தமிழ்ப் பாட்டு வரி வீடியோக்களில் பெரும்பாலும் தமிழ்ப் பாட்டை இங்கிலீஷ் எழுத்தில்தான் போடுகிறார்கள்! யாருக்காகப் போடுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

தமிழ் எழுத்துத் தெரியாத பெரியவர்கள் திருப்பூரில் இன்னொரு கூட்டமும் உண்டு. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். கேரளத்தில் பெரும்பாவூரில் 2017இல் தொடங்கிய சங்ஙாதி திட்டத்தில், இப்படி வந்தவர்களுக்கு மலையாளம் கற்றுக்கொடுத்தார்கள். அதுபோல் ஒன்று நம் ஊரில் பெரிதாக நடக்க வேண்டாமா? இது தனிப் பதிவுக்கான விஷயம், இன்னொரு நாள் எழுதுகிறேன்.

டீச்சர் வேண்டாம் என்று யாரும் இதைப் புரிந்துகொள்ள வேண்டாம். டாடா கன்சல்டன்சி நிறுவனம் 2000ஆம் ஆண்டு வாக்கில் ஆந்திராவில் கம்ப்யூட்டர் வழியாக எழுத்தறிவு சொல்லித்தர ஆரம்பித்தது. தனித்தனி எழுத்தாக இல்லாமல் முழுச் சொல்லாகவே காட்டி, நாற்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாக வாசிக்கப் பழக்கும் முறை. பின்னால் தமிழிலும் வந்தது. அங்கேயும் வகுப்பை நடத்த ஓர் ஆள் கூடவே இருந்தார். திரும்பத் திரும்பச் சொல்லும் வேலையை மெஷின் பார்த்துக்கொண்டால், "நேத்து ஏன் வரலீங்க, ஒடம்பு சரியில்லீங்களா?" என்று வீட்டுக்குப் போய்க் கேட்க டீச்சருக்கு நேரம் கிடைக்கும். பாதியில் நிற்கிறவர்களைத் திரும்பக் கூட்டிவருவது அந்த விசாரிப்புதான்.

உங்கள் வீட்டிலோ கம்பெனியிலோ இப்படி ஒருவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் போனில் தமிழ்க் கையெழுத்துக் கீபோர்டை வைத்துக்கொடுங்கள். தன் பேரை எழுதுவது எப்படி என்று ஒரு தடவை காட்டிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.