பிள்ளையளைத் திட்டுறதை முதல்ல நிப்பாட்டுங்கோ

முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்தில, 2009 சண்டை முடியேக்க எங்கட சனம் நடந்து வெளிய வந்த அந்தப் பாலத்தில, சுற்றுலா வந்த பள்ளிக்கூடப் பிள்ளையள் ஆடின வீடியோவை இனி ஒருத்தரும் எனக்கு அனுப்ப வேண்டாம். நேற்று விடியத் தொடக்கம் எத்தினை பேர் அனுப்பிப்போட்டியள். அதை எடுக்கேக்க நான் பத்தடி தள்ளித்தான் நிண்டனான். அந்த பஸ்ஸுக்குக் கைட்டா வந்தது நான். "கைட் எண்டு ஒருத்தன் வந்திருப்பான்தானே, அவன் என்ன பாத்துக்கொண்டு நிண்டவனோ" எண்டு கொமென்ட் போட்ட அண்ணாமாருக்கும் சேத்துத்தான் இதை எழுதுறன்.

பிள்ளையளில பிழை இல்லை. திருப்பியும் சொல்லுறன், பிள்ளையளில பிழை இல்லை.

முள்ளியவளை தாண்டினவுடனே நான் மைக்கை எடுத்தனான், பாலம் வரமுதல் சொல்லத் தொடங்கினாத்தான் இறங்கேக்க பிள்ளையளுக்கு எங்க நிக்கிறம் எண்டு விளங்கும். பொறுப்பா வந்த சேர் எழும்பி வந்து, "தம்பி, இந்த இடத்தில ஒண்டும் கதைக்க வேண்டாம், பிறகு பெற்றார் பிரச்சினைப்படுத்துவினம், பத்து நிமிசம் போட்டோ எடுத்திட்டு ஏறட்டும்" எண்டு மைக்கை வாங்கி ட்ரைவருக்குப் பக்கத்தில வைச்சிட்டார். பஸ்ஸில பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. கதவு திறந்தது, பிள்ளையள் இறங்கினதுகள், ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் நந்திக்கடல், நல்ல காத்து. பதினாறு வயசுப் பிள்ளை, 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளை, ஒருத்தரும் ஒண்டும் சொல்லாமல் அந்த இடத்தில இறக்கி விட்டா வேற என்ன செய்யும்?

அண்டைக்கு நேரம் போன கணக்கையும் கேளுங்கோ. விடிய வெளிக்கிட வேண்டிய பஸ் ஒண்டரை மணித்தியாலம் பிந்தி. முறிகண்டியில தேங்காய் உடைச்சு, கச்சான் வாங்கி, முக்கால் மணித்தியாலம், அது பரவாயில்லை, அந்தப் பிள்ளையாரைத் தாண்டி ஒருத்தரும் சும்மா போறேல்லை. மத்தியானச் சாப்பாடு ஒண்டரை மணித்தியாலம். முல்லைத்தீவுக் கடற்கரையில ரெண்டு மணித்தியாலம். பாலத்துக்குப் பத்து நிமிசம். ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட இருக்கிற கற்சிலைமடுவில பஸ் நிக்கவே இல்லை, "அதில ஒரு கல்லுத்தானே" எண்டிச்சினம்.

அந்தக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும். 1803 ஒக்ரோபர் 31ஆம் திகதி வெள்ளைக்காரப் படையின்ட கப்டன் வொன் ட்ரிபேர்க் இந்த இடத்தில வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனைத் தோற்கடிச்சான் எண்டு இங்கிலீசில எழுதி வைச்ச கல்லு. அதுக்கு ரெண்டு மாசத்துக்கு முதல்தான், ஓகஸ்ட் 25, வன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையை வெள்ளைக்காரனிட்ட இருந்து பிடிச்சவன். போன வருசம் மட்டக்களப்பில இருந்து வந்த ஒரு பஸ்ஸில, ஆறாம் வகுப்பு இருக்கும், ஒரு பிள்ளை கையைத் தூக்கி, "அண்ணா, எங்கட ஆள் வெண்ட இடத்தில கல்லு இல்லையா, தோத்த இடத்தில மட்டும் ஏன் வைச்சவங்க?" எண்டு கேட்டிச்சு. கூட வந்த மிஸ் என்னைப் பாக்கிறா, நான் மிஸ்ஸைப் பாக்கிறன். வெண்டவன் வைச்ச கல்லம்மா அது எண்டு சொன்னன். அதுக்குப் பிறகு ஒட்டுசுட்டான் வரைக்கும் அந்த பஸ்ஸில பாட்டே போடேல்லை, கேள்விக்கு மேல கேள்வி. சொன்னாக் கேக்குங்கள். நாங்கள்தான் சொல்லுறேல்லை.

"பிள்ளையள் சந்தோசமா இருக்க வந்தவை, அதுகளுக்கு ஏன் செத்த கதை" எண்டு கேப்பியள். நியாயம். நானும் செத்த கதை மட்டும் சொல்லுற ஆள் இல்லை. இரணைமடுக் குளத்துக்கு ஏன் இரணை எண்டு பேர் வந்தது, அந்தத் தண்ணி எந்த வயலுக்குப் போகுது, வற்றாப்பளையில அம்மனுக்குக் கடல்தண்ணியில விளக்கெரிக்கிறது எல்லாம் சொல்லுவன், பிள்ளையள் வாயைப் பிளந்துகொண்டு கேக்கும். ஆனா வட்டுவாகல்ல நிண்டுகொண்டு மீனைப் பற்றிக் கதைக்க என்னால ஏலாது.

"எல்லாத்தையும் அரசியலாக்காத" எண்டு ஒருத்தர் எழுதியிருக்கிறார். இந்தப் பாலத்தால நடந்து வந்தனான் எண்டு சொல்லுறது அரசியலோ? எனக்கு அப்ப பன்னிரண்டு வயசு. அம்மான்ட இடுப்பில தங்கச்சி, என்ட கையில ஒரு அஞ்சு லீற்றர் கான், அதுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி இல்லை, ஆனாலும் அதை நான் விடேல்லை, ஓமந்தை வரைக்கும் விடேல்லை, செட்டிகுளம் அகதி முகாமுக்குள்ளயும் அதோடதான் போனனான். முன்னால போனவை, பின்னால வந்தவை, இடையில இருந்திட்டவை. இதைச் சொல்ல எனக்கு நாலு நிமிசம் போதும். ஒருத்தரையும் ஏசாமல் சொல்லுவன். அந்த நாலு நிமிசத்தைத் தந்திருந்தா அந்த வீடியோ வந்திருக்காது, இண்டைக்கு அந்தப் பிள்ளையளின்ட முகத்தை ஊர் முழுக்க ஷெயார் பண்ணி "தறுதலையள்" எண்டு எழுதவும் உங்களுக்கு வாய்ச்சிருக்காது.

கைட் லைசன்ஸ் இருக்கோ எண்டு கேட்டவருக்கு: இல்லை. எடுக்கவேணும், ஒத்துக்கொள்ளுறன். காலபோக நெல்லு வெட்டு முடிஞ்சால்தான் இந்த வேலை எனக்கு, பிறகு ஓகஸ்ட் லீவில கொஞ்சம், மிச்ச நாள் வயல். அதுக்காக நான் சொல்லுறது பொய்யாப் போகுமோ?

"காசுக்குத்தானே வாறாய்" எண்டதுதான் கூடச் சுட்டது. ஓம், காசுக்குத்தான் வாறன், ட்ரைவரும் காசுக்குத்தான் வாறார், சேரும் சம்பளம் எடுக்கிறவர்தானே. அண்டைக்கு நாள் கூலி 4,000 பேசினது. பரந்தனில இறங்கேக்க 3,000 தந்திட்டு, "நீர் பெரிசா ஒண்டும் கதைக்கேல்லைத்தானே தம்பி" எண்டார். மைக்கை வாங்கினவர் அவர்தான். நான் ஒண்டும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு இறங்கீட்டன், பிள்ளையள் யன்னலால கை காட்டினதுகள், நானும் காட்டினன். வீட்ட வந்து சாப்பிட மனமில்லை. ஆயிரம் ரூபாவுக்காக இல்லை. பாலத்தில கதைக்க விடாமல் வைச்சிட்டு, கதைக்கேல்லை எண்டு காசைக் குறைச்சு, இப்ப வீடியோ வந்த பிறகு "கைட் சரியா வழிநடத்தேல்லை" எண்டு பள்ளிக்கூடத்துக்குச் சொல்லியிருக்கிறாராம்.

இந்தச் சனிக்கிழமை இன்னொரு பஸ் வருது. வேற பள்ளிக்கூடம். பொறுப்பான ரீச்சருக்கு நேற்றிரவு மெசேஜ் போட்டன்: கற்சிலைமடுவில கால் மணித்தியாலம் நிக்கவேணும், பாலத்தில இறங்க முதல் மைக் என்ட கையில இருக்கவேணும், அந்த நேரம் பாட்டு நிக்கவேணும், அதுக்குச் சம்மதம் எண்டா வாறன், இல்லாட்டி வேற ஆளைப் பாருங்கோ எண்டு.

நீல ரிக் ரெண்டும் விழுந்திட்டுது. பதில் இன்னும் வரேல்லை.